ஹேவர்டு நகரின் ஆண்டு விழாக்கள்

ஹேவர்டு, ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தின் வட பகுதியில், காடுகளும் ஏரிகளும் சூழ அமைந்துள்ள ஒரு சிறு நகரம் ஆகும். இது சாயர் மாவட்டத்தின் தலைநகர். மக்கள் தொகை ஏறத்தாழ 2,500 மட்டுமே. எனினும் இங்கு நடைபெறும் ஆண்டு விழாக்களுக்கு இதனைப் போலப் பன்மடங்கு மக்கள் திரள்கின்றனர். வெண்பைன் மரங்களை வெட்டும் தொழிலால் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான ஊர் இது. மரங்கள் தீர்ந்த பின்னர் சுற்றுலாவே முதன்மை வருவாயானது.

மரவெட்டிகள் உலகப் போட்டி

1960 இல் டோனி வைஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. முற்காலத்தில் அறுவை ஆலைக்கான மரத்தடிகளை மிதக்க விட்டிருந்த நீர்நிலையிலேயே இது நடைபெறுகின்றது. கோடரியால் வெட்டுதல், இழுவாளால் அறுத்தல், 60 அடி, 90 அடிக் கம்பங்களில் ஏறி இறங்குதல் முதலியன இதில் அடங்கும். மிதக்கும் தடியின் மேல் இருவர் நின்று, அதனை உருட்டி ஒருவரையொருவர் நீரில் விழச் செய்யும் போட்டியே பார்வையாளரைப் பெரிதும் கவர்வது.

பிர்க்கபெய்னர்

1973 இல் இதே டோனி வைஸ் தொடங்கிய நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு ஓட்டம். 1206 இல் நார்வேயின் உள்நாட்டுப் போரின்போது, குழந்தையாயிருந்த இளவரசர் ஹாக்கோனைப் பனிமலைகளைக் கடந்து காப்பாற்றிய வீரர்களின் நினைவாகப் பெயரிடப்பட்டது. அவ்வீரர்கள் கால்களில் பூர்ச்ச மரப்பட்டையைச் சுற்றியிருந்தமையால் இப்பெயர் வந்தது. பிப்ரவரி இறுதியில் கேபிள் என்னும் ஊருக்கு அருகில் தொடங்கி, காட்டினூடாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்று, ஹேவர்டின் முதன்மைத் தெருவில் முடிவடையும். அன்று அத்தெருவில் பனியைக் கொட்டிப் பரப்புவர்.

இவ்விழா முற்றிலும் பனியை நம்பியது. மழையாலும் வெப்பத்தாலும் 2000, 2017 ஆகிய ஆண்டுகளில் ஓட்டம் கைவிடப்பட்டது. 2024 இல் இயற்கைப் பனி போதாமையால், செயற்கைப் பனி இட்ட 10 கிலோமீட்டர்ச் சுற்றுப்பாதையில் வீரர்கள் மீண்டும் மீண்டும் சுற்றி ஓடினர். ஹேவர்டுத் தெருவில் ஓட்டம் முடியவில்லை. விடுதிகளுக்கும் கடைகளுக்கும் குளிர்கால வருவாய் இவ்வொரு வாரத்தையே பெரிதும் சார்ந்துள்ளதால், இது விளையாட்டுச் செய்தி மட்டும் அன்று.

பிற விழாக்கள்

ஜூன் மாதத்தில், மஸ்கி என்னும் பெரிய நன்னீர் மீனின் பெயரால் ஒரு விழா இடம்பெறுகின்றது. செப்டம்பரில் மலை மிதிவண்டிப் பந்தயம் ஒன்று இங்கிருந்து புறப்படுகின்றது. இது 1983 இல் தொடங்கியது.

பூமியைப் போற்றும் விழா

நகருக்கு அருகில் உள்ள லா கூடரே ஒஜிப்வே பழங்குடியினர் ஜூலை மாதம் நடத்தும் ஆடல், முரசு விழா இது. ஊர் விழாக்களின் பட்டியலில் இதனையும் சேர்ப்பதுண்டு. ஆயினும் இதன் தோற்றம் வேறு. 1920களில் சிப்பெவா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையால் இம்மக்களின் வீடுகளும் கல்லறைகளும், உணவுக்கு ஆதாரமான காட்டு நெல் விளையும் நீர்நிலைகளும் மூழ்கின. அணைக்கான 50 ஆண்டு உரிமம் முடிந்த 1971 இல் அவர்கள் அணையைக் கைப்பற்றிப் போராடினர். அப்போராட்டத்தைத் தொடர்ந்தே இவ்விழா ஆண்டுதோறும் நடத்தப்படலாயிற்று.