யாருக்கு முதல் பாடம்? நிரல் எழுதக் கற்ற பெண்களின் வரலாறு

நான் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டது துணியால்தான். 2006, பதினொன்றாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும், உள்ளே ஏ.சி. ஓடும், ஒவ்வொரு மிஷினுக்கும் பூப்போட்ட உறை மாட்டியிருக்கும். கர்ப்பக்கிருகம் மாதிரிதான். அதைப் பெருக்கித் துடைக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேரைக் கூப்பிடுவார்கள். நாலு பேரும் எங்க தெருப் பிள்ளைகள். ஏன் எப்போதும் எங்க தெரு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது. ஒருநாள் துடைக்கும்போது விரல் பட்டு ஒரு திரை விழித்துக்கொண்டது. வாத்தியார் ஓடி வந்தார். "தொடைக்கச் சொன்னா தொடை. அதெல்லாம் உங்களுக்கு வராது. அதுக்குக் கணக்கு மூளை வேணும்" என்றார்.

நான் வரலாற்றுப் பிரிவு எடுத்து, அப்புறம் தமிழில் எம்.ஏ. படித்தேன். அந்த 'வராது' மட்டும் பதினைந்து வருஷம் கூடவே வந்தது.

எங்கள் தெருவில் நாங்கள் நடத்தும் ராப்பள்ளியில் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, புரோகிராம் எழுதணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" டவுனில் இதற்கென்றே பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அவர்கள் கேட்கிற பணம் எங்க ஆட்களுக்கு ஒரு போகத்துக் கூலி. எனக்கும் தெரியாது, சொல்லித்தரவும் ஆளில்லை. முதலில் கற்றவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று தேடினேன். தேடப்போய் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

முதல் அதிர்ச்சி அந்த வார்த்தையிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் என்பது ஆதியில் மிஷினின் பெயரே இல்லை. கணக்குப் போடுகிற ஆளுக்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் கம்ப்யூட்டர் என்ற பதவிப் பெயரில் சம்பளம் வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே போய் விழும் என்று காகிதத்திலும் கையால் இயக்கும் கணக்கு மிஷினிலும் போட்டுப் பட்டியல் தயாரிப்பது வேலை. ஒரு குண்டின் பாதைக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அலுப்பூட்டும் வேலை, அதனால் பெண்களுக்கு. எங்கும் இதே நியாயம்தான்.

இதை வேகமாகச் செய்யத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற ராட்சச மிஷினைக் கட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. குண்டு தரையில் விழுவதற்குள் அதன் கணக்கை முடித்துவிடும். (ஆளைக் கொல்லும் கணக்குதான் இந்தக் கருவிக்குத் தாய்ப்பால். அதை மறந்துவிட்டு 'அறிவியலின் அற்புதம்' என்று பேச எனக்கு இஷ்டமில்லை.) மிஷின் தயார். அதற்கு வேலை சொல்ல ஆள் வேண்டும். 1945இல் கணக்குப் போடும் பெண்களிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: கேத்லீன் மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன்.

ஆறு பேருக்கும் வாத்தியார் கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது, நிரல்மொழி என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. ராணுவ ரகசியம் என்பதால் ஆரம்பத்தில் மிஷின் இருந்த அறைக்குள்ளேயே விடவில்லை. வரைபடத் தாள்களைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் தாளை விரித்து வைத்து, எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்தப் பெட்டி கூட்டுகிறது, எது நினைவில் வைத்துக்கொள்கிறது என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்துக் கற்றார்கள். ஒரு பெரிய கணக்கைச் சின்னச் சின்ன அடிகளாக உடைத்துத் தாளில் எழுதினார்கள். மிஷினைத் தொடுவதற்கு முன்பே நிரல் எழுதக் கற்றாகிவிட்டது. இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டு எங்க ராப்பள்ளிக் கரும்பலகையைப் பார்த்தேன்.

1946 பிப்ரவரியில் எனியாக்கை ஊரறியக் காட்டினார்கள். ஓட்டிக்காட்டிய நிரலைத் தயார் செய்தவர்கள் ஜீன் ஜென்னிங்ஸும் பெட்டி ஸ்னைடரும். முந்தைய நாள் ராத்திரி வரை அதில் ஒரு பிழை இருந்தது. குண்டு தரையைத் தொட்ட பிறகும் மிஷின் நிற்காமல் பூமிக்குள் போய்க்கொண்டே இருந்தது. பெட்டி வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தார். எந்த விசையை மாற்ற வேண்டும் என்பது தூக்கத்திலேயே பிடிபட்டுவிட்டது. காலையில் வந்து சரிசெய்தார். அன்றைய இரவு விருந்துக்கு ஆறு பேரில் ஒருவரையும் கூப்பிடவில்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய புகைப்படங்களைக் காட்டி இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, மிஷினுக்குப் பக்கத்தில் அழகுக்கு நிறுத்திய விளம்பரப் பெண்கள் என்று பதில் வந்தது. புகைப்படத்தில் இருந்தும் வரலாற்றில் இல்லை.

இவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால் கறுப்புப் பெண்களுக்கு?

டோரத்தி வாகன் 1910இல் பிறந்தவர். வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1929இல் பட்டம் பெற்றார். வர்ஜீனியா மாநிலம் ஃபார்ம்வில் ஊரில் கறுப்புப் பிள்ளைகளுக்கான மோட்டன் பள்ளியில் ஆசிரியை ஆனார். (அவர் போன பிறகு 1951இல் அதே பள்ளியில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, இடிந்து விழுகிற மாதிரி இருந்த வகுப்பறைகளை எதிர்த்து மாணவர்களை வெளிநடப்பு செய்யவைத்தாள். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய 1954 தீர்ப்பில் சேர்ந்த வழக்குகளில் அதுவும் ஒன்று. அந்த மாவட்டத்து வெள்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சேர்ந்து உட்காரவைப்பதற்குப் பதில், 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்துப் பூட்டிவிட்டார்கள். ஊர்ப் பொதுக்குளத்தில் சேரி ஆட்கள் இறங்கிவிடக் கூடாது என்று குளத்தைத் தூர்ப்பவர்களை நமக்குத் தெரியாதா?)

1941இல் கறுப்புத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டன் நோக்கிப் பேரணி வருவோம் என்று மிரட்டினார். ரூஸ்வெல்ட் இறங்கி வந்து, போர்த் தொழில்களில் நிறம் பார்த்து ஆளெடுக்கக் கூடாது என்று ஆணை போட்டார். அந்தக் கதவு திறந்ததால்தான் 1943 டிசம்பரில் வாகன், ஹாம்ப்டனில் இருந்த லாங்லி விமான ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய முடிந்தது. மூளை அதற்கு முன்பும் இருந்தது. நுழைய வழிதான் இல்லை.

உள்ளே விட்டார்களே ஒழிய சேர்த்து உட்காரவைக்கவில்லை. கறுப்புப் பெண்களுக்கு மேற்குப் பகுதியில் தனிப் பணியிடம், தனிக் கழிப்பறை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசை மேல் 'கலர்ட் கம்ப்யூட்டர்ஸ்' என்று அட்டை வைத்திருந்தார்கள். டீக்கடையில் தனி டம்ளர் பார்த்த நமக்கு அந்த அட்டை என்ன பேசுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மிரியம் மான் என்ற பெண் அந்த அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திரும்ப வைத்தார்கள். திரும்ப எடுத்தார். ஒரு கட்டத்தில் அட்டை வருவது நின்றுபோனது. போராட்டம் என்றால் இவ்வளவு சத்தமில்லாமலும் நடக்கும்.

1949இல் வாகன் அந்த மேற்குப் பிரிவுக்குத் தலைவியானார். அந்த நிறுவனத்தில் கறுப்பர் ஒருவர் அப்படிப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை. தன் பிரிவுப் பெண்களின் சம்பளத்துக்காகவும் பதவி உயர்வுக்காகவும் மேலே போய் வாதாடுவார். தகுதியிருந்தும் ஒதுக்கப்பட்ட வெள்ளைப் பெண்களுக்காகவும் பேசியிருக்கிறார்.

அப்போதுதான் மின்னணுக் கம்ப்யூட்டர் லாங்லிக்குள்ளும் வந்தது. இந்த மிஷின் நம்ம வேலையைத் தின்றுவிடும் என்று வாகனுக்குத் தெரிந்தது. கைத்தறிக்காரர் விசைத்தறியைப் பார்த்த கதைதான். 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை வெளியிட்டிருந்தார்கள். கணிதச் சூத்திரத்தை ஏறத்தாழ அப்படியே எழுதினால் அதை மிஷினுக்குப் புரிகிற எண்களாக அதுவே மாற்றிக்கொள்ளும். வாகன் அந்த மொழியைத் தானே படித்தார். அந்த வயதில், ஐம்பதை நெருங்கும்போது, முதல் பாடத்திலிருந்து. தான் மட்டும் படித்துத் தப்பித்துக்கொள்ளவில்லை. தன்னோடு கணக்குப் போட்ட பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1958இல் அந்த நிறுவனம் நாசாவாக மாறியபோது தனிப் பிரிவைக் கலைத்தார்கள். வாகனும் அவருடைய பெண்கள் பலரும் நிறமும் பாலும் கலந்த புதிய கணிப்பொறிப் பிரிவுக்குப் போனார்கள். ஸ்கவுட் ராக்கெட் திட்டத்தில் அவருடைய வேலை இருக்கிறது. ஆனால் 1971இல் ஓய்வுபெறும்வரை இன்னொரு தலைமைப் பதவி அவருக்குத் தரவில்லை. 2008இல் இறந்தார். 2016இல் மார்கோ லீ ஷெட்டர்லி எழுதிய புத்தகமும் படமும் வந்த பிறகுதான் வெளியுலகம் அவர் பேரைச் சொன்னது. படத்தில் வரும் காட்சிகளை எல்லாம் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாழ்க்கை அதைவிட மெதுவாகத்தான் நடந்தது.

இன்னொரு கதவையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் மாணவர் ஒருவர் நிரல் எழுதினால் அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, பிழையா சரியா என்று தெரிய மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணித ஆசிரியர்கள், இலக்கியமும் வரலாறும் படிக்கிற பிள்ளைகளும் நிரல் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். கெமனி, 1940இல் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் உருவாக்கிய பேசிக் என்ற மொழி 1964 மே 1, விடியற்காலை நாலு மணிக்கு முதலில் ஓடியது. மே நாளில் ஓடியது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம். ஒரே மிஷினைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். தப்பாக எழுதினால் அங்கேயே தெரியும், அங்கேயே திருத்தலாம். எல்லாருக்கும் என்றார்கள். அந்தக் கல்லூரியில் 1972 வரை மாணவிகளைச் சேர்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதையெல்லாம் ராப்பள்ளியில் கதையாகச் சொன்னேன். 2022. எங்களிடம் இருந்தது ஒரு கரும்பலகை, ஒரு பழைய லேப்டாப், மூன்று போன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "தாள்லயே ஆரம்பிச்சாங்களாக்கா? அப்ப நாமளும் தாள்ல ஆரம்பிக்கலாமே?"

தாளில் ஆரம்பித்தோம். என்ன கணக்கு எடுப்பது? பயிற்சிப் புத்தகங்களில் வட்டத்தின் பரப்பளவு கேட்பார்கள். அது யாருக்கு வேண்டும்? அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வந்த நாள் எத்தனை, ஒரு நாள் கூலி எவ்வளவு, பாஸ்புக்கில் ஏறியது எவ்வளவு. முதல் இரண்டையும் பெருக்கு; மூன்றாவதைக் கழி; மிச்சம் பூஜ்ஜியமா என்று பார்; இல்லை என்றால் சொல். இதை அடி அடியாகத் தமிழில் எழுதினார்கள். ஒரு பிள்ளை மிஷினாக நடித்தது. எழுதியிருப்பதை மட்டும் செய்யும், எழுதாததைச் செய்யாது. 'கழி' என்று மட்டும் எழுதியிருந்ததால், "எதுலேருந்து எதை?" என்று முறைத்துக்கொண்டு நின்றது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கே நிரல் என்றால் என்னவென்று விளங்கியது.

ஒரு வாரம் கழித்துத்தான் லேப்டாப்பைத் திறந்தோம். மொழி பைத்தான், இலவசம், போனிலும் ஓடும். தமிழிலேயே எழில் என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் காட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினோம். ஒரு மிஷினுக்கு இரண்டு பேர், ஒருத்தி சொல்ல ஒருத்தி தட்ட, அப்புறம் மாறி. அந்தப் பிள்ளை ஆறு வரி எழுதினாள். நாலாவது வரியில் முக்காற்புள்ளியை விட்டுவிட்டாள். சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தது. சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கையை எனக்குத் தெரியும். அது என் கை, 2006இல்.

"ஒண்ணும் ஆகல. எந்த வரின்னு அதுவே சொல்லுது பாரு. படி" என்றேன்.

படித்தாள். முக்காற்புள்ளி போட்டாள். ஓடியது. மிச்சம் பூஜ்ஜியம் வரவில்லை, இரண்டு நாள் கூலி வந்தது. கணக்குத் தப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். தாளில் மறுபடி போட்டாள், அதேதான். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினாள். அம்மா திரையைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். "அந்த ரெண்டு நாளு மழையில நின்னு வாய்க்கா வெட்னோமே பாப்பா. நீ கூட சோறு எடுத்தாந்தியே" என்றார்.

மறுநாள் ராத்திரி அந்தத் திண்ணையில் பதினான்கு பெண்கள், கையில் அட்டையும் பாஸ்புக்குமாக. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியாது என்று அவளே சொன்னாள். ஒரே கணக்கைப் பதினான்கு பேருக்கும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது எப்படி என்று, அதுவரை நடத்தாத பாடத்தை அவளாகக் கேட்டாள். எனக்கும் அன்றைக்குத் தெரியாது. இருவரும் போனில் தேடிப் படித்தோம், பதினொரு மணி ஆனது. ஒன்பது பேருக்குப் பாக்கி வந்தது. ஒன்பது பேரையும் நாள்வாரியாகத் தாளில் எடுத்து எழுதினாள். மனு வாசகத்தை நான் எழுதினேன், எம்.ஏ. தமிழ் அதற்காவது ஆகட்டும் என்று. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு.