எலெக்ட்ரிக் கார் வாங்கும் விவசாயிகள் கவனத்துக்கு: வீட்டில் சார்ஜிங், கூரையில் சோலார் அமைப்பது எப்படி?

உழவர் சந்தை, உரக்கடை, பிள்ளைகளின் பள்ளி என்று தினமும் 30, 40 கிலோமீட்டர் ஓடும் குடும்பங்களுக்கு எலெக்ட்ரிக் கார் கட்டுப்படியாகும். ஆனால், கார் வீட்டுக்கு வந்த பிறகு எங்கே பிளக் போடுவது என்று யோசிக்கக் கூடாது. எந்த மின் இணைப்பு, எந்த ஒயர், எப்படிப்பட்ட எர்த் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால், கரண்ட் பில்லும் கட்டுக்குள் இருக்கும், வீட்டுக்கும் பாதுகாப்பு.

பம்புசெட் இணைப்பில் சார்ஜ் போடாதீர்கள்

கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம் வருகிறது, அதிலேயே காரையும் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். விவசாய இணைப்பு பாசனத்துக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அனுமதித்த காரியத்தைத் தவிர வேறு காரியத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்க முடியும். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் பாசன இணைப்புக்கே சிக்கலை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

சோலார் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஏ.சி. மோட்டாரை ஓட்டும் சோலார் பம்பு கன்ட்ரோலர், வெயிலுக்கு ஏற்றபடி மின்சாரத்தின் அளவை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அது மோட்டாருக்குப் பொருந்தும், கார் சார்ஜருக்குப் பொருந்தாது. அதில் இணைத்தால் சார்ஜர் பழுதாகலாம்.

சொந்தக் காரை வீட்டு மின் இணைப்பிலேயே சார்ஜ் செய்ய மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. இதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தினமும் எத்தனை யூனிட் ஆகும்?

சிறிய எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். தினமும் 40 கிலோமீட்டர் ஓடினால் 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேவைப்படும். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் தினம் 6.5 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

காருடன் வரும் சாதாரண சார்ஜர் மணிக்கு 2 முதல் 3 யூனிட் வரை ஏற்றும். அப்படியானால் 6.5 யூனிட்டுக்கு மூன்று மணி நேரம் போதும். இரவு முழுக்கக் கார் சும்மா நிற்கிற வீட்டுக்கு 7 கிலோவாட் வேக சார்ஜர் தேவையில்லை. அதற்கு ஆகும் செலவை ஒயரிங்குக்கும் எர்த்துக்கும் போடுங்கள்.

500 யூனிட் எல்லையைக் கவனியுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டுக்கான மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இப்போது 180 யூனிட் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 50 நாள் கார் ஓடினால் 325 யூனிட் கூடும். மொத்தம் 505 யூனிட்.

500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த குறைந்த கட்டணம் கைவிட்டுப் போகும். 2022 செப்டம்பர் கட்டண உத்தரவின்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 505 யூனிட்டுக்கு 1,990 ரூபாய். ஐந்தே யூனிட்டில் 265 ரூபாய் வித்தியாசம். கட்டணம் அதன்பிறகு மாறியிருப்பதால், உங்கள் கடைசி பில்லை எடுத்து வைத்து இதேபோல் கணக்குப் போட்டுப் பாருங்கள். சோலார் தேவையா, எவ்வளவு தேவை என்பது அப்போது தெரிந்துவிடும்.

பிளக் பாயின்ட், ஒயர், எர்த்

மிக்சியும் அயர்ன் பாக்ஸும் சில நிமிடம்தான் ஓடும். கார் சார்ஜர் மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். பழைய பிளக் பாயின்ட்டில் போட்டால் சூடேறி உருகிவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து இவற்றைச் செய்யுங்கள்:

• மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன். 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் நல்லது. தூரம் அதிகமென்றால் 6 சதுர மில்லிமீட்டர்.
• அந்த லைனுக்குத் தனியாக 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசிவு மின்சாரம் உடம்பில் பாயும்போது லைனைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி.தான்.
• தரமான 16 ஆம்பியர் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.
• தனி எர்த் குழி. எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். கோடையில் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அப்போது நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து சார்ஜரை ஏமாற்றுகிற வழியைச் சிலர் சொல்வார்கள். ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால், காரின் இரும்பு உடல் முழுக்க மின்சாரம் ஏறிவிடும். கதவைத் தொடுகிற குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

சார்ஜ் போடும் இடம் வைக்கோல் போர், டீசல் கேன், உர மூட்டை ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். எலி கடிக்காதபடி ஒயரைக் குழாய்க்குள் கொண்டு போங்கள்.

வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பதையும் பாருங்கள். 2 கிலோவாட் மட்டும் பெற்ற வீட்டில் சார்ஜர், தண்ணீர் மோட்டார், பிரிட்ஜ் மூன்றும் ஒன்றாக ஓடினால் தாங்காது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து மின்பளுவை உயர்த்திக்கொள்ளுங்கள்.

சோலார் எத்தனை கிலோவாட் போடலாம்?

நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் தினமும் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். மேலே சொன்ன வீட்டுக்கு 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் கிடைக்கும். 505 யூனிட் தேவையில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும். ஓட்டம் அதிகம் என்றாலோ, ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தையும் சமாளிக்க வேண்டும் என்றாலோ 3 கிலோவாட் போடலாம்.

பேனல் தெற்குப் பார்த்து, லேசான சாய்வில் இருக்க வேண்டும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் அதனுடன் இணைந்த மற்ற பேனல்களின் விளைச்சலும் குறையலாம். ஆகவே இடம் பார்க்கும்போது காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழலைப் பாருங்கள்.

பகலில் கார் வெளியே போய்விட்டாலும் நஷ்டமில்லை. பகலில் கூரையில் விளையும் மின்சாரம் லைனுக்குப் போகும். இரவில் கார் எடுப்பது லைனிலிருந்து வரும். இரண்டையும் இருவழி மீட்டர் கணக்கு வைத்துக் கழிக்கும். சோலார் இணைப்புக்கு வேறு கட்டணம் ஏதும் உண்டா என்பதைப் பிரிவு அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக் கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் உண்டு.

• 1 கிலோவாட்: 30,000 ரூபாய்
• 2 கிலோவாட்: 60,000 ரூபாய்
• 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல்: 78,000 ரூபாய்

திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, அதில் பதிவுபெற்ற நிறுவனம் மூலமாகவே பேனல் போட வேண்டும். இந்தியாவில் தயாரான செல், பேனலுக்கு மட்டுமே மானியம் உண்டு. வேலை முடிந்து, ஆய்வும் முடிந்த பிறகு பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

கிராமங்களில் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிற வீடுகள் நிறைய. முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

கரண்ட் போனால் சார்ஜ் ஆகுமா?

ஆகாது. லைனுடன் இணைந்த சோலார், கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருப்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனிலும் காரை இணைக்காதீர்கள். 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் இருப்பதே 1.8 யூனிட்தான். அதை முழுக்க உறிஞ்சினாலும் கார் 12 கிலோமீட்டர்கூட ஓடாது, பேட்டரிதான் கெட்டுப்போகும். மின்தடை அதிகமுள்ள ஊரில் காரின் சார்ஜ் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதே எளிய வழி.

எந்த வேலை முதலில்?

1. கடைசி மூன்று பில்லை வைத்து, காருக்கான யூனிட்டைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.
2. இணைப்பின் பெயர், மின்பளு இரண்டையும் சரிசெய்யுங்கள்.
3. தனி லைன், ஆர்.சி.சி.பி., எர்த் வேலையைக் கார் வருவதற்கு முன்பே முடியுங்கள்.
4. இரண்டு மாதம் கார் ஓட்டிப் பார்த்து, உண்மையான செலவு தெரிந்த பிறகு சோலார் அளவை முடிவு செய்யுங்கள்.
5. குறைந்தது மூன்று பதிவுபெற்ற நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். பேனல், இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சோலாரைப் பிறகுகூடப் போட்டுக்கொள்ளலாம். எர்த்தைத் தள்ளிப்போட வேண்டாம்.