ஒரு பட்டமளிப்பு விழாவும் ஒரு டாக்டர் எழுதிய கடிதமும்

1/
2009 மே 17. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துல இருக்கிற நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா. சிறப்பு விருந்தினர், பதவியேற்று நாலு மாசம்கூட முழுசா ஆகாத அதிபர் ஒபாமா. உள்ளே சுமார் 12,000 பேர். வெளியே போராட்டம், கைது. அந்த ஒரு நாளைப் பத்தின இழை இது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/
நோட்டர் டேம் 1842-ல் கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கியது. அமெரிக்க அதிபர்களைப் பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிடுறது அங்க பழைய வழக்கம். 1960 ஐசனோவர், 1977 கார்ட்டர், 1981 ரீகன், 1992 மூத்த புஷ், 2001 இளைய புஷ். ரீகன் வந்தது நெஞ்சுல குண்டு பாய்ந்து ஏழே வாரத்துல!

3/
அப்போ ஒபாமாவைக் கூப்பிட்டதுல என்ன பிரச்னை? கருக்கலைப்பு.

கரு உருவான நொடியிலிருந்தே அது ஒரு உயிர், அதைக் கலைக்கக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. ஒபாமாவோ, அது பெண்ணின் உரிமைன்னு சொல்லி ஜெயித்தவர்.

4/
தேதிகளைப் பாருங்க.

ஜனவரி 23: கருக்கலைப்பு சேவை தரும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அமெரிக்க உதவி கிடையாது என்ற தடையை ஒபாமா நீக்குறார்.

மார்ச் 9: கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான அரசு நிதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துறார்.

மார்ச் 20: நோட்டர் டேம் அழைப்பு அறிவிப்பு. கூடவே கௌரவ டாக்டர் பட்டமும். (நாங்க அஞ்சரை வருஷம் உருண்டு வாங்குற டாக்டர் வேற, இது வேற!)

5/
நம்ம ஊர்ல இருந்து பார்த்தா இது இவ்வளவு பெரிய சண்டையான்னு தோணும். இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இங்க அது ஒரு தேர்தல் பிரச்னையா ஆனதே இல்ல. அமெரிக்காவில் 1973-ல் அதை அனுமதித்தது நாடாளுமன்றம் இல்ல, உச்ச நீதிமன்றம். ரோ எதிர் வேட் வழக்கு. அன்னையில இருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அந்த நெருப்பு எரியுது.

6/
முதல் அடி உள்ளூர் ஆயர் ஜான் டார்சியிடமிருந்து. விழாவுக்கு வர மாட்டேன்னு அறிவிச்சார். அவர் கையில் ஒரு ஆவணம் இருந்தது. திருச்சபையின் அடிப்படை நெறிகளுக்கு எதிராகச் செயல்படுபவர்களுக்குக் கத்தோலிக்க நிறுவனங்கள் விருதோ கௌரவமோ மேடையோ தரக்கூடாதுன்னு அமெரிக்க ஆயர்கள் 2004-ல் வெளியிட்ட அறிக்கை.

7/
பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஜென்கின்ஸ், இவரும் பாதிரியார்தான். அவரோட பதில்: கௌரவிக்கிறது கருக்கலைப்புக் கொள்கையை இல்ல. நாட்டின் முதல் கறுப்பின அதிபரை. கருத்து வேறுபாடு இருக்கிறவரோட பேசுறதுக்கு இது ஒரு தொடக்கம்.

எதிர்ப்பு மனுவில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்து. சிதைந்த கருவின் படத்தைக் கட்டிக்கிட்டு ஒரு விமானம் வளாகத்துக்கு மேல சுத்துச்சு. படிச்சு முடிச்சு அம்மா அப்பாவோட ஒரு போட்டோ எடுக்கணும்னு காத்திருந்த பிள்ளைங்க நடுவுல மாட்டிக்கிட்டாங்க.

8/
இந்தக் கதையில் எனக்கு முக்கியமாப் படுறவர் மேரி ஆன் கிளெண்டன். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர், வாடிகனுக்கான முன்னாள் அமெரிக்கத் தூதர், கருக்கலைப்பை எதிர்ப்பவர். அந்த வருஷம் நோட்டர் டேமின் உயரிய விருதான லெட்டாரே பதக்கம் அவருக்குத்தான் அறிவிச்சிருந்தாங்க. அதே மேடை, அதே நாள்.

9/
ஏப்ரல் 27 அன்னைக்கு பதக்கமே வேணாம்னு சொல்லிட்டார். காரணம் ரெண்டு. ஒண்ணு, ஆயர்கள் கேட்டுக்கொண்டதை மீறி கௌரவப் பட்டம் தருவது. ரெண்டாவது, கிளெண்டனும் பேசுறாங்களே, அப்போ சமநிலை ஆயிடும்னு பல்கலைக்கழகம் சொல்லிக்கிட்டது. ஒருத்தர் பேச்சுக்கு எடைக்கல்லா என்னை வைக்காதீங்க என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

1883-ல் தொடங்கிய பதக்கம், முதல்முறையா அந்த வருஷம் யாருக்கும் தரப்படல.

10/
இங்க கொஞ்சம் நிதானிப்போம். இந்தச் சண்டையில் மூணு விஷயம் ஒண்ணாக் கலந்து கிடக்கு.

ஒருத்தர் பேசுறதைக் கேட்பது.
அவரோட கருத்தை ஏற்பது.
அவரைக் கௌரவிப்பது.

கருத்தரங்குக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா அது முதல் வகை. கேள்வி கேட்கலாம், மறுக்கலாம், எழுந்து போகலாம். பட்டமளிப்பு விழாவில் கேள்வி நேரம் கிடையாது. பட்டம் தந்து, அங்கி போட்டு, கை தட்டணும். அதனாலதான் இந்த மேடையில் மட்டும் சண்டை இவ்வளவு சூடா வருது. இதே நோட்டர் டேமில் 1984-ல் நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோ கருக்கலைப்பு அரசியல் பற்றியே உரை நிகழ்த்தினார். விவாதம் பறந்தது. ஆனா அது பட்டமளிப்பு மேடை இல்ல.

11/
சரி, விழா நாளுக்கு வருவோம். வாசலில் கைதானவர்களில் நார்மா மெக்கார்வியும் ஒருவர். யார் இவர்? 1973 வழக்கில் "ரோ" என்ற புனைபெயரில் கருக்கலைப்பு உரிமை கேட்டு வழக்கு போட்ட அதே பெண்! பின்னாளில் எதிர்ப் பக்கம் போயிருந்தார்.

உள்ளே சில மாணவர்களின் தொப்பியில் சிலுவையும் குழந்தையின் பாதமும். வேறு சிலர் தொப்பியில் ஒபாமாவின் சின்னம். சிலர் விழாவுக்கே வராம வளாகத்து மாதா கெபியில் ஜெபம் செய்தாங்க.

12/
ஒபாமா என்ன பேசினார்? நழுவல. இந்த இரண்டு தரப்பும் ஏதோ ஒரு இடத்தில் ஒத்துப்போகவே முடியாதுன்னு நேராகவே சொன்னார். அப்புறம் ஒரு கதை சொன்னார்.

2004. செனட் தேர்தலில் நிற்கிறார். ஒரு டாக்டரிடமிருந்து கடிதம். உட்கட்சித் தேர்தலில் உங்களுக்குத்தான் ஓட்டு போட்டேன், அடுத்து போடுவேனான்னு தெரியல என்கிறார்.

13/
காரணம், ஒபாமாவின் இணையதளத்தில் இருந்த ஒரு வரி. கருக்கலைப்பை எதிர்ப்பவர்களை எல்லாம் வலதுசாரி வெறியர்கள் என்கிற தொனியில் எழுதியிருந்தாங்க. அந்த டாக்டர் கருக்கலைப்பை எதிர்ப்பவர், ஆழ்ந்த கிறிஸ்தவர். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. நீங்க உங்க கருத்தை மாத்த வேண்டாம், எங்களைப் பற்றிப் பேசும்போது நியாயமான வார்த்தைகளில் பேசுங்க.

ஒபாமா பதில் எழுதினார். கொள்கையை மாத்தல. அந்த வரியை மாத்தச் சொன்னார்.

14/
டாக்டரா இதை நான் ரசிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. "இந்தம்மா எதுக்கு இத்தனை மாசம் கழிச்சு வந்திருக்கு" என்கிற ஒரு வார்த்தை போதும், அந்தப் பெண் திரும்ப ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டா. ஆலோசனை அதேதான், மருந்தும் அதேதான். வார்த்தைதான் வேற.

மனசாட்சிப்படி கருக்கலைப்பு செய்ய மறுக்கும் மருத்துவர்களை மதிக்கும் ஒரு விதி வேணும்னும் அதே உரையில் ஒபாமா சொன்னார். எதிர்ப்பாளர்கள் பலரும் எதிர்பார்க்காத பேச்சு அது.

15/
இது வெறும் வாய்ச்சண்டை இல்ல என்பதற்கு அதே வருஷமே சாட்சி. விழா முடிந்து இரண்டே வாரம். மே 31, கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா. கருக்கலைப்பு செய்துவந்த டாக்டர் ஜார்ஜ் டில்லர் தன்னோட சர்ச்சுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் மிச்சிகனில், கருக்கலைப்புக்கு எதிரா பதாகை பிடிச்சு நின்ன ஒருவர் பள்ளிக்கூடம் எதிரே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது.

16/
அப்புறம்? கைதானவர்கள் மீதான வழக்குகள் 2011-ல் கைவிடப்பட்டன. 2016-ல் லெட்டாரே பதக்கம் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கும் குடியரசுக் கட்சியின் போனருக்கும் சேர்த்தே தரப்பட்டது. அதுக்கும் எதிர்ப்பு.

ட்ரம்ப் ஜெயிச்சப்போ, அவரைக் கூப்பிட ஜென்கின்ஸ் தயங்கினார். 2009 களேபரத்தை நினைவுபடுத்தினார். 2017-ல் துணை அதிபர் பென்ஸ் வந்தார். சுமார் நூறு மாணவர்கள் அமைதியா எழுந்து வெளியே போனாங்க. இந்த முறை எழுந்தது எதிர்த் தரப்பு.

2022-ல் ரோ தீர்ப்பே ரத்தானது. ரத்து செய்த நீதிபதிகளில் ஒருவரான ஏமி கோனி பேரட், 2009-ல் அதே நோட்டர் டேமில் சட்டப் பேராசிரியர்.

17/
நான் எடுத்துக்கிட்டது இதுதான்.

ஆயர் வரல. காரணத்தைத் தன் பேரில் சொன்னார். கிளெண்டன் பதக்கத்தையே விட்டார். சில மாணவர்கள் கெபிக்குப் போனாங்க. யார் மறுத்தாலும் விலை கொடுத்தது அவங்களே. ஒபாமாவும் பேசினார், கேட்க நினைச்சவங்க கேட்டாங்க. கெளரவிக்க மாட்டேன்னு சொல்ல ஒருத்தருக்கு முழு உரிமை உண்டு. ஆனா, அடுத்தவர் கேட்கவே கூடாதுன்னு சொல்றது வேற விஷயம். விமானத்துல படம் கட்டி சுத்தினவங்களுக்கும் கிளெண்டனுக்கும் உள்ள தூரம் அதுதான்.

18/
பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு பாடம் இருக்கு. விவாதம் வேணும்னா கேள்வி கேட்கிற மைக்கோட ஒரு அரங்கம் போடுங்க. கௌரவப் பட்டத்தைக் கையில கொடுத்துட்டு இது வெறும் உரையாடல்தான்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

நமக்கு அந்த டாக்டரோட கடிதம் போதும். எதிரில் இருப்பவர் மனசை மாத்தணும்னு அவசியமில்ல. அவரைப் பற்றி நாம சொல்ற வார்த்தை அவருக்கே நியாயமாப் படுதான்னு ஒரு தடவை பார்த்துட்டு போஸ்ட் பண்ணலாம்.