அரக்கோணம் வழியாகப் போன ஐந்து சதவீதம்

அரக்கோணம் சந்திப்பில் ரயில் மாறியவர்களுக்குத் தெரியும். மேற்கே ஒரு பாதை காட்பாடிக்கு, வடக்கே இன்னொன்று திருத்தணி, ரேணிகுண்டா பக்கம். காட்பாடிப் பாதை பழசு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்தத் தடத்தில்தான் போனது. வடக்குப் பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்த் தடத்தோடு சேர்ந்தது. பதினைந்தே வருஷம்! அந்தக் காலத்தில் இவ்வளவு வேகம் எப்படி வந்தது?

காரணம் பொறியியல் இல்லைங்க, ஒப்பந்தம். மதராஸ் ரயில்வே லண்டனில் பங்கு விற்ற தனியார் கம்பெனி. அரசு நிலத்தை இலவசமாகக் கொடுத்தது. போட்ட முதலுக்கு ஏறக்குறைய 5 சதவீத வருமானம் உறுதி என்றும் சொன்னது. வசூல் குறைந்தால் மிச்சத்தை இந்திய வருவாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அதாவது நம்ம ஊர் நிலவரி. இந்திய நிதிப் பொறுப்பில் இருந்த மாஸ்ஸியே பின்னாளில் சாட்சியம் சொன்னார்: வட்டி உறுதியானபின் அந்தப் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் முதலீட்டாளருக்குக் கவலையில்லை என்று.

உத்தரவாதமே தப்பு என்று திட்டுபவர்களோடு நான் முழுசாகச் சேரமாட்டேன். அது இல்லாமல் தண்டவாளம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. என் வருத்தம் வேறு. பணத்துக்கு உறுதி கொடுத்த அரசு, தொழிலை இங்கே கற்றுக்கொடு என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தவில்லை. எஞ்சின்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டே இருந்தன. இந்தியாவிலேயே முழுசாகக் கட்டிய முதல் எஞ்சின் அஜ்மீரில் வெளிவந்தது 1895-ல்தான். பழுது பார்க்கத் தெரிந்த கைகள் நிறைய இருந்தும், வடிவமைக்க வாய்ப்பு இல்லை.

பெரம்பூர் ஐ.சி.எஃப். கதையை இதோடு வைத்துப் பாருங்க. 1955 அக்டோபர் 2-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையும் அந்நியத் தொழில்நுட்பம்தான், சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம். ஆனால் இங்கே வாங்கியது பெட்டிகளை மட்டுமல்ல, பெட்டி கட்டும் வித்தையை. அறுபது சொச்சம் வருஷம் கழித்து, 2018-ல், பொது மேலாளர் சுதான்ஷு மணி காலத்தில் அதே தொழிற்சாலை 'ட்ரெயின் 18'-ஐ வடிவமைத்து வெளியே விட்டது. அதுதான் வந்தே பாரத்.

அதற்கும் அரசுக் கொள்கை கதவைத் திறந்தது, பிறகு அரசே இழுத்தும் பிடித்தது. முதல் இரண்டு ரயிலுக்கு அப்புறம் மூன்றாவது வர 2022 ஆகிவிட்டது. அந்த நவம்பரில்தான் சென்னை–மைசூரு வந்தே பாரத் ஓட ஆரம்பித்தது, காட்பாடி வழியாக, 1856-ன் தடத்தில். அரக்கோணத்தில் நிறுத்தம் கொடுக்கவில்லை.