புத்தளக் கரையும் பழைய மோட்டார் வண்டியும்

மகா ஓயாவைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் கொழும்புப் புத்தளப் பெருவழி, வென்னப்புவை, மாரவில, சிலாபம், முந்தல் என்று தென்னந் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கின்றது. மேற்கே கடற்காற்று, கிழக்கே தென்னை, புத்தளத்தை அணுகியதும் உப்பளங்கள். இரும்புக்கு இதனினும் பகையான நிலம் ஈழத்தில் அரிது. இத்தகைய கரையிலே, எழுபது எண்பது ஆண்டுக்கு முற்பட்ட ஆடம்பரக் காரொன்று செப்பனிடப்பட்டு, மெருகேற்றப்பட்டு, பழம்பொருள் சேகரிப்போரின் பார்வைக்கு விற்பனைக்கென நிறுத்தப்படுமாயின், காண்போர் அனைவரும் அதன் விலை யாது என்றே வினவுவர். வரலாறு பயில்வோன் அதற்கு முன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. விற்கப்படும் பொருள்தான் யாது? தொழிற்சாலையினின்றும் வெளிவந்த வண்டியா, அன்றி இத்தனை ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்த வண்டியா?

காள் பென்ஸ் ஜேர்மனியில் 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தெருக்களில் ஓடத் தொடங்கிவிட்டது. 1904இலேயே மோட்டார் ஓட்டுவோர்க்கெனச் சங்கமொன்று இங்கு அமைந்தது. புகைவண்டிப் பாதையோ நீர்கொழும்பை 1909இலும், சிலாபத்தை 1916இலும், புத்தளத்தை 1926இலுமே எட்டியது. அதுகாறும் இக்கரையின் கொப்பராவும் உப்பும் மாட்டு வண்டிகளிலும், ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயின் படகுகளிலும் சென்றன. ஆகவே இக்கரையின் வடபகுதிக்குப் புகைவண்டி வருமுன்னரே மோட்டார் வண்டி வந்துசேர வழியிருந்தது என்பது ஈண்டு கருதத்தக்கது.

அக்காலத்து ஆடம்பரக் கார் ஒருவர் கைப்பட்ட பொருளன்று. 1904இல் மான்செஸ்ரரில் றோல்சும் றோய்சும் சந்தித்ததன் பயனாய்ப் பிறந்த புகழ்பெற்ற நிறுவனம், இரண்டாம் உலகப்போர் வரையில் அடிச்சட்டகத்தையும் இயந்திரத்தையுமே விற்றது. மேற்கூட்டினை வாங்குவோர் தாம் விரும்பிய வண்டிகட்டுநரிடம் ஒப்படைத்து அமைப்பித்தனர். பார்க்கர், ஹூப்பர் முதலிய இலண்டன் நிறுவனங்கள் இதில் பேர்பெற்றவை. குதிரை வண்டி கட்டிய கைகளே கார்க் கூட்டையும் கட்டின. சென்னை மவுண்ட் றோட்டிலிருந்த சிம்சன் நிறுவனமும் அத்தகைய வண்டிகட்டும் நிலையமே. அங்கே சாமுவேல் ஜோன் கிறீன் என்பார் 1903இல் நீராவிக் காரொன்றையே அமைத்து ஓட்டிக் காட்டினார். அமெரிக்கர் செடான் என்றும் ஆங்கிலேயர் சலூன் என்றும் கூறும் மூடிய கூடு, 1920களின் பிற்பகுதியிலேதான் திறந்த கூட்டை வென்று பரவலாயிற்று. புழுதியும் மழையும் மிகுந்த நம் நாட்டுக்கு அது ஏற்றதே; சித்திரை வெயிலுக்கு ஏற்றதா என்பது வேறு பேச்சு.

இவ்வண்டிகளை வாங்கும் ஆற்றலை இக்கரையார்க்கு அளித்தது தென்னை. குருநாகல், சிலாபம், கொழும்பு ஆகியவற்றை உள்ளிட்ட தென்னை முக்கோணத்தின் கடற்பக்கம் இதுவே. தென்னை ஆராய்ச்சிக்கென 1928இல் வகுக்கப்பட்ட திட்டமும் இப்பகுதியிலுள்ள லுணுவிலையிலேயே நிலைகொண்டது. ஆயின் தென்னையின் செல்வம் நிலையாதது. 1929ஐ அடுத்து உலகைப் பற்றிய பொருளாதார மந்தத்தில் கொப்பரா விலை வீழ்ந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடம் ஈடுவைக்கப்பட்ட தோட்டங்கள் பல மீட்கப்படாமற் கைமாறின. இவ்விடரை ஆராய 1934இல் பொச்கன்வாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. தோட்டம் கைமாறியபோது கொட்டகையில் நின்ற காரும் சில வேளை உடன் சென்றிருக்கும் என்று கருதுதல் தவறாகாது. பகட்டுக்காக வாங்கப்பட்ட வண்டி கடனுக்காக விற்கப்படுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே.

அதன் பின்னரே இவ்வண்டிகளின் உண்மையான வரலாறு தொடங்குகின்றது எனலாம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது அரசு கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு யப்பானிய வண்டிகள் பெருகும்வரை, முன்னரே நாட்டிலிருந்த ஒஸ்ரினும் மொறிசும் ஹம்பரும் ஓடியே தீரவேண்டியிருந்தன. வேறு நாடுகளில் பழைய இரும்பாய் உடைக்கப்பட்ட வண்டிகள் இங்கே பிழைத்தமைக்கு உரியவரின் பற்று மட்டும் காரணமன்று. திறைசேரியின் வறுமையும் காரணமே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய வண்டிகளின் விலை ஏறியதை எவரும் அறிவர். வடக்கின் கதை இன்னும் கடியது. 1990களில் எரிபொருள் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டும் முறையால் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் இயங்கின. அந்நுட்பம் எந்த இங்கிலாந்துத் தொழிற்சாலையின் கைநூலிலும் பரிந்துரைக்கப்பட்டதன்று.

இவ்வாறு வண்டிகளை வாழ்வித்தோர், ஒல்லாந்தச் சொல்லின் வழிவந்த பாஸ் என்னும் பெயரால் இன்றும் அழைக்கப்படும் தொழில் வல்லோர். உதிரிப்பாகம் கிட்டாதபோது அவர்கள் வேறு வண்டியின் உறுப்பைத் தேய்த்துப் பொருத்தினர். பித்தளையை உருக்கி வார்த்தனர். தகட்டை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி வளைத்தனர். உப்புக் காற்று அரித்த அடித்தகட்டை வெட்டி நீக்கி ஒட்டுப் போட்டனர். பழைய மேற்கூடுகளின் உட்சட்டம் ஆஷ் என்னும் ஆங்கில நாட்டு மரத்தால் ஆனது. கறையான் உண்ட இடத்தில் நம் நாட்டு மரம் ஏறியது. ஒரு வண்டியைப் பிரித்துப் பார்ப்போர்க்கு இவ்வொட்டுகள் கல்வெட்டின் வரிகளைப் போலக் காலத்தை உரைப்பனவாகும்.

சேகரிப்போர் சந்தையோ இவற்றைக் குற்றமாகவே எண்ணுகின்றது. வின்டேஜ் என்னும் சொல் திராட்சை அறுவடையைக் குறித்து, பின் நல்ல ஆண்டின் மதுவைக் குறித்து, அதன் பின்னரே காரைக் குறிக்கலாயிற்று. 1934இல் இங்கிலாந்தில் தோன்றிய வின்டேஜ் விளையாட்டுக் கார்க் கழகம் 1930 முடிய ஆக்கப்பட்டவற்றையே அப்பெயர்க்கு உரியனவாகக் கொள்கின்றது. நம்மவர் பழையதனைத்தையும் வின்டேஜ் என்று விளம்பரஞ் செய்வது மிகை. சட்டக எண்ணும் இயந்திர எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்திருத்தல், உறுப்புகள் பிறந்தபடியே இருத்தல் ஆகியனவே அங்கு உயர்ந்த விலை பெறுவன. ஆதலின் செப்பனிடுவோர், பாஸ்மாரின் ஒட்டுகளை அகற்றி, வெளிநாட்டினின்றும் உறுப்புகளை வருவித்து, வண்டியைப் பிறந்த நாளுக்கே கொண்டுசெல்ல முயல்கின்றனர். கண்ணுக்கு அது அழகே. ஆயினும் அறுபதாண்டு வரலாறு அக் கராஜின் குப்பைத் தொட்டியிற் சேர்கின்றது.

இவ்வழக்கை இங்கிலாந்து நீதிமன்றமே ஒருமுறை ஆராய நேர்ந்தது. 1929இலும் 1930இலும் லெமான் ஓட்டப் பந்தயத்தில் வென்ற, பழைய முதலாம் எண் எனப் பெயர்பெற்ற பென்ற்லி வண்டியை ஒரு கோடி பவுணுக்கு வாங்க இசைந்தோர், அது மெய்யான வண்டியன்று என்று கூறிப் பின்வாங்கினர். பந்தயங்களுக்காகப் பன்முறை மாற்றப்பட்டு, 1932இல் விபத்துக்குள்ளாகி மீளவும் கட்டப்பட்ட அவ்வண்டியில் 1929ஆம் ஆண்டு உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. 1990இல் நீதிபதி ஒற்றன், அவ்வண்டி ஒருபோதும் வேறொரு வண்டியாகிவிடவில்லை, இடையறாத வரலாற்றினால் அது அதுவே என்று தீர்ப்பளித்தார். உறுப்பினால் அன்று, தொடர்ச்சியினால் ஒரு பொருள் தானாகின்றது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இக்கரையார்க்கு இது புதுமையன்று. சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரம் 1578இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, 1753இல் கீர்த்தி சிறி இராசசிங்கன் காலத்தில் மீளவும் எழுப்பப்பட்டது. பழைய கல் எத்தனை எஞ்சியது என்று கணக்கிட்டு எவரும் அதனை வேறு கோயில் என்பதில்லை. தேருக்கு அச்சு மாற்றினும் சில்லு மாற்றினும் அது அத்தேரே. காருக்கும் இவ்வளவையைக் கொள்வதில் இழிவொன்றுமில்லை.

தொடர்ச்சியை நிறுவுவது ஏடு. காலி முகத்திடல் விடுதியில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள 1935ஆம் ஆண்டு ஸ்ராண்டர்ட் சிறு கார் ஆடம்பர வண்டியே அன்று. 1940இல் இளங் கடற்படை வீரராய் இங்கிருந்த பிலிப் இளவரசர் அதனை வாங்கியமையே அதன் மதிப்பு. இலக்கத் தகடும் சான்றாகும். 1957க்கு முன் பதிவான வண்டி ஆங்கில எழுத்தைத் தாங்கும். அதன் பின் சிங்கள ஸ்ரீ வந்தது. 1958இல் தமிழர் அதன்மேல் தார் பூசிய கதையும் அத்தகட்டோடு ஒட்டியதே. எனினும் ஏடு எல்லார்க்கும் எஞ்சுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் உடுத்த உடையோடும் சிறு கைப்பொருளோடும் பெருந்தொகையாய் வந்து சேர்ந்தது இப்புத்தளக் கரைக்கே. அவர்கள் விட்டுவந்த வண்டிகளின் உரிமையேட்டை எந்தச் சேகரிப்போனுக்கு எவர் காட்டுவது? ஏடில்லா வண்டி சந்தையில் விலை குன்றும். அமைதியான வாழ்வு வாய்த்தோரின் வண்டியே வரலாறுடையதாய் மதிக்கப்படும்.

சட்டமும் இவ்வகையில் உதவுவது குறைவு. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளைத் தொல்பொருளின் எல்லையாகக் கொண்டது. கண்டி இராச்சியம் முடிவுற்ற நாள் அது. அவ்வளவையால் எந்தக் காரும் தொல்பொருளாகாது. இந்தியா 1950க்கு முற்பட்ட கார்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியுள்ளது. 2021இல் அங்கு வகுக்கப்பட்ட விதி, ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்கு வி.ஏ. என்னும் எழுத்தோடு தனிப் பதிவும் அளிக்கின்றது. ஆனால் சட்டகத்திலும் கூட்டிலும் இயந்திரத்திலும் பெருமாற்றம் நிகழாதிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்நிபந்தனையை அப்படியே இங்கு கொணரின், இறக்குமதித் தடைக்காலத்தில் பாஸ்மாரின் கையாற் பிழைத்த வண்டிகளே முதலில் தள்ளுண்ணும்.

கலப்பற்ற ஆங்கில வண்டி என்பதும் எந்த அளவுக்கு உண்மை? மொறிஸ் மைனர் கார்களைப் பேணும் பாத் நகர நிலையத்தார், இலங்கையர் ஒருவருடன் இணைந்து 1991இல் காலியில் ஒரு பட்டறை நிறுவினர். அவ்வகைக் கார்க்கு வேண்டிய தகட்டுறுப்புகள் அங்கே கையாற் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அந்நாட்டில் செப்பனிடப்பட்ட மைனர்களிற் சில, காலியில் அடிக்கப்பட்ட தகட்டைத் தாங்கியே ஆங்கிலத் தெருக்களில் ஓடின.