படகில் ஒதுங்க ஓரிடம்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு ராத்திரி படகில் போக வேண்டும். நாங்கள் நாலு பேர் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிற திட்டம் இது. அனுமதி கிடைக்குமா என்பது தனிக்கதை. எஞ்சின், டீசல், கொசுவலை, பிரியாணி என்று எக்செல்லில் நாற்பது வரி போட்டிருந்தேன். தங்கை பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “ஒண்ணுக்கு வந்தா நான் எங்க போறது?” அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இதே வழியில் 1934-இல் பாரதிதாசன் படகில் போனார். அந்தப் பயணத்தில் பிறந்ததுதான் ‘மாவலிபுரச் செலவு’. குத்தூசி குருசாமி, ஜீவா, மயிலை சீனி. வேங்கடசாமி எல்லாம் உடன் போனவர்கள். குருசாமியின் மனைவி குஞ்சிதமும் போனார். பாட்டில் பனைமரம் வருகிறது, பௌர்ணமி வருகிறது, கரையில் நடந்தபடி கயிற்றால் தோணியை இழுப்பவரின் பாடு வருகிறது. யார் எங்கே ஒதுங்கினார்கள் என்பது மட்டும் வரவில்லை. கயிறு கட்டி இழுக்கிற தோணிக்குக் கரை எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆண்களுக்கு அது போதும். வெட்டவெளியில், பால்போல நிலா காய்கிற ராத்திரியில், குஞ்சிதம் என்ன செய்திருப்பார்? கவிஞருக்குக் கிடைத்த நிலா அவருக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும்.

கடலிலும் இதே கணக்குதான். 1782 பிப்ரவரி 17-இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் சுஃப்ரனின் 12 பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் 9 ஆங்கிலக் கப்பல்களும் மோதின. 74 பீரங்கிக் கப்பல் என்றால் 600 பேர் அளவில் இருப்பார்கள். மாலுமிகளுக்கு முன்மூக்கில், கடலுக்கு மேலே நீட்டிய ஓட்டைப் பலகைகள் சில. மறைப்பு பேருக்குத்தான், அலை வந்து கழுவிவிட்டுப் போகும். கப்பல் தலைவருக்கோ பின்பக்கத்தில் கதவு வைத்த அறை. யார் மறைவாக உட்காரலாம் என்பதைப் பதவி தீர்மானித்தது.

இன்றைக்கு எங்கள் கரையில் கடலுக்குப் போகிற ஃபைபர் படகில் அந்தப் பலகைகூட இல்லை. விளிம்புதான். கப்பல் கழிவுக்கான மார்போல் விதிகள் 2003-இல் நடைமுறைக்கு வந்தன. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவு என்றால் கரையிலிருந்து 3 கடல்மைல் தாண்டி விடலாம், அப்படியே விடுவதென்றால் 12. ஆனால் அவை மொத்தக் கொள்ளளவு (கிராஸ் டன்னேஜ்) 400-ம் அதற்கு மேலும் உள்ள, அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றுகிற, நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கானவை. கால்வாயில் 12 மைலுக்கு எங்கே போவது?

“ஏற்கெனவே பாதிச் சாக்கடை. உன் ரெண்டு லிட்டர்தான் கெடுக்கப் போகுதா?” என்றான் நண்பன். சென்னைக்குள் அவன் சொல்வது சரி. ஆனால் முட்டுக்காடு, கோவளம் பக்கம் கழிமுகத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலாகத்தான் எங்கள் படகு போகும்.

ஆக, தேக்கி வைக்கத்தான் வேண்டும். பெரிய படகுகளில் தண்ணீரை உள்ளே இழுத்துக் கழுவித் தொட்டிக்குத் தள்ளுகிற பம்ப் உண்டு. அதற்குப் படகின் அடியில் ஓட்டை போட வேண்டும், வால்வு வைக்க வேண்டும். வால்வைத் தப்பாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு யு-1206 இருக்கிறது: 1945 ஏப்ரல் 14-இல் ஸ்காட்லாந்துக்கு அருகே அந்த ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கியதற்குத் தொடக்கம் கழிப்பறை வழியாக உள்ளே வந்த தண்ணீர். எனக்கு அந்த வீரம் வேண்டாம். வாளியும் மரத்தூளும் மலிவு, ஆனால் சிறுநீர் சேர்ந்தால் நாறும்.

மிஞ்சியது தூக்கிச் செல்லும் இரண்டடுக்குக் கழிப்பறை. மேலே நல்ல தண்ணீர், கீழே 21 லிட்டர் தொட்டி. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர், ஐந்து பேருக்கு ஏழரை. கழுவும் தண்ணீர், மற்றதெல்லாம் சேர்த்தால் 15. ஒரு ராத்திரிக்குத் தாராளம். சுற்றி நாலு குழாய் நட்டு, தார்ப்பாய்த் திரை, உள்பக்கம் கொக்கி. வாசனை மருந்தில் ஃபார்மலின் இல்லாததாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு செப்டிக் டேங்கில் மக்கவைக்கிற பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

இதுவரைக்கும் பொறியியல். “திரும்பி வந்ததும் அந்த 15 கிலோவை யாரு கொட்டுறது?” என்றதும் குரூப்பில் அரைமணி நேரம் அமைதி. அப்புறம் ஒருவன், “அங்கயே யாராவது ஆள் பிடிச்சுக்கலாம், ஐந்நூறு கொடுத்தா செய்வாங்க” என்றான். எந்தத் தெருவிலிருந்து ஆள் வருவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கையால் மலம் அள்ளவைப்பதைத் தடை செய்கிற இப்போதைய சட்டம் வந்தது 2013-இல், நாங்கள் ஏற்கெனவே சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு.

எக்செல்லில் ‘கொட்டுபவர்’ என்று புதுசாக ஒரு கட்டம் சேர்த்தேன். தங்கை அதில் என் பெயரை அடித்துவிட்டு, நிறத்தையும் மாற்றி வைத்திருக்கிறாள்.