யார் ஆட்டக்காரர்?

கதை எழுதப் புகுகிறவன் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கதையில் வரும் கூட்டத்தில் யார் பாத்திரம், யார் வெறும் பின்னணி? அரண்மனை வாயிலில் ஈட்டி பிடித்து நிற்கும் காவலனுக்கும் வீடு, வாசல், மனக்குறை எல்லாம் இருக்கத்தான் இருக்கும். ஆசிரியன் அவனை வாய் திறக்க விடுவதில்லை.

மேல்நாட்டில் இந்தக் கேள்வியை அடிப்படையாக வைத்தே ஒரு விளையாட்டு வளர்ந்திருக்கிறது. நாலைந்து நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுகிறார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்குத் தாய் நூல். ஆட வருகிறவர் முதலில் தம் இனத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மனிதர், குள்ளர், எல்ஃப் என்னும் வனத்து இனத்தார், ஹாபிட் என்னும் சிற்றுருவினர் ஆகிய நால்வருக்கே அதில் விதிகள் வகுத்திருந்தன. வேறு உருவம் வேண்டுவோர் நடுவரின் தயவை நாட வேண்டும். நால்வருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. குள்ள வீரன் ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது. ஹாபிட்டுக்கு நான்காம் படியோடு சரி. மனிதனுக்கோ வரம்பே இல்லை! ‘ஆர்க்’ என்ற அரக்கக் கூட்டம் பெரும்பாலும் வெட்டுப்படுவதற்கென்றே இருந்தது. 1978-ல் பாதி ஆர்க் இரத்தம் உள்ளவன் ஆட்டக்காரன் ஆனான். முழு ஆர்க் முதன்மை விதிநூலின் பட்டியலில் இடம் பெற்றது 2024-ல்தான்.

நம் முன்னோர் பதினெண் கணங்கள் என்று இயக்கர், கின்னரர், பூதர், அசுரர் முதலியோரை வரிசைப்படுத்தினார்கள். ஆனாலும் அசுர குலத்தில் பிரகலாதனையும், அரக்கர் குலத்தில் வீடணனையும் கதைக்கு நாயகராக்கத் தயங்கவில்லை. குலம் ஒன்று, குணம் வேறு என்ற நினைவு அவர்களுக்கு இருந்தது.

நிற்க. இத்தகைய ஆட்டத்துக்குத் தமிழ்நாட்டில் களம் தேடுவோருக்குப் பழவேற்காட்டை விடப் பொருத்தமான இடம் அகப்படாது. சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பாரதத்தின் பெரிய உப்பங்கழி அது. அங்கே எத்தனை வகை மக்கள்! 1610-ல் விஜயநகர அரசர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று வந்த டச்சுக்காரர் 1613-ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் 1690 வரை அதுவே அவர்களுக்குத் தலைமையிடம். துணி கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேறியது. துணியோடு, பஞ்சத்தில் அடிபட்ட மனிதர்களும் அடிமைகளாகப் பட்டேவியாவுக்குக் கப்பலேறினார்கள். கம்பெனியின் கணக்கில் அவர்கள் சரக்கு. டச்சு அதிகாரிகளுக்குச் செதுக்கிய கல்லறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. கப்பலேறியவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை.

கோட்டை அழிந்தது, 1825-ல் டச்சுக்காரரும் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். ஆனால் ஏரிக்குள் வேறொரு பட்டியல் இருந்தது. அதற்குப் பாடு முறை என்று பெயர். இறால் வரும் நல்ல நீரிடங்களில் யார் எப்போது வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பட்டினவர் குப்பங்கள் தீர்மானித்து வந்தன. அதன் நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வலுத்தவன் எல்லாவற்றையும் அள்ளாமல் உறுப்பினர் அனைவருக்கும் நல்ல இடம் மாறி மாறிக் கிடைத்தது. எனினும் சீட்டில் பெயர் இருந்தால்தானே அந்த நியாயம்? இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறியதும், பெயர் இல்லாதவர்கள் உரிமை கேட்டார்கள், தகராறுகள் மூண்டன.

வலையும் படகும் இல்லாத இருளர் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆழமில்லாத சேற்று நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். விளையாட்டு அமைக்கிறவன் இதைக் கண்டால், ‘இருளர் இனம்: கைத்திறனுக்கு இரண்டு புள்ளி அதிகம்’ என்று எழுதிவிடுவான். அங்கேதான் ஆபத்து. அந்தத் திறமை இரத்தத்தில் வந்தது அல்ல. வலை கட்ட இடமில்லாதவன் விரலுக்குக் கற்றுக்கொடுத்தது. காரணத்தை மறைத்துவிட்டுத் திறமையை மட்டும் பிறப்போடு முடிச்சுப் போட்டால், ஒரு பழைய அநீதி இயற்கையின் சட்டம் போல் ஆகிவிடும்.

ஆகவே கற்பனை உலகம் படைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை இனம் வேண்டுமானாலும் வையுங்கள். கொம்பும் வாலும் கூட வையுங்கள். ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் அது பிழைக்கும் நீர் எது, அந்த நீரில் இறங்க அதற்கு உரிமை தருகிறவர் யார் என்பதையும் எழுதிவிடுங்கள். பிறகு, கணக்கில் சரக்காக இருப்பவனும் கரையில் நின்று பார்ப்பவனும் பகடையைக் கேட்டால், கொடுக்கத் தயங்காதீர்கள்.